வரிக்கல் பொத்தையில் நான் நட்ட சூலம்

சிவமயம்

ஆழ்வார்குறிச்சி
12-2-1995

அன்பு மருமகள் சித்ரலேகாவுக்கு, மாமா குற்றாலலிங்கம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. "ஒருநாள் எவனாவது வந்து வரிக்கல் பொத்தையை உடைச்சு ஜல்லியா வித்துருவான், பாத்துக்கிட்டே இருங்க" என்று உன் காதுகுத்துப் பந்தியில் வைத்தே சொன்னேன். உன் அம்மாவைக் கேட்டுப் பார். அன்றைக்கு அவள் எனக்குச் சொன்ன பதில், "தம்பி, ரசம் ஊத்தட்டுமா?" என்பதுதான்.

இப்போது பார். பாபநாசத்துக்கு இந்தப் பக்கம், ஆற்றுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் இருக்கிறதே அந்தக் கரட்டுக் குன்று, வரிக்கல் பொத்தை, அதைக் கல்குவாரிக்குக் குத்தகை விடப் போகிறார்களாம். கிராம அலுவலகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டுமாம். எடுக்கப்போகிறவன் கான்ட்ராக்டர் அப்பாத்துரை. இப்போதே அங்கே லாரி போக முள்ளை வெட்டிப் பாதை போட்டுவிட்டான்.

அரசாங்கக் கணக்கில் அது வெறும் கல்லாங்குத்துப் புறம்போக்கு. ஆனால் மேலே காரையாறு பக்கம் இருக்கும் மலைவாசிகளான காணிக்காரர்களுக்கு அது அப்படி இல்லை. ஐயம்பெருமாள் காணி என்று ஒருவர், அவர்கள் குடியிருப்புக்கு மூத்தவர். அவரும் அவருடைய ஆட்களும் பங்குனியில் மலையிறங்கி வந்து, அந்தப் பொத்தையில் தங்கள் பழைய ஆட்களை நினைத்துப் பாட்டுப் பாடிவிட்டுப் போவார்கள். அங்கே கோபுரம் இல்லை, சிலை இல்லை. சும்மா கல்லுதான் நிற்கும். அவர்கள் முன்னோர்கள் அங்கேதான் குடியிருந்தார்களாம்.

எனக்கு என்ன அக்கறை என்று கேட்பாய். போன வருஷம் காரையாறு விழாவுக்கு மைக்செட் கட்டிவிட்டுத் திரும்பும்போது என் வேன் அந்தப் பொத்தைக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. எதிரில் ஒரு கரடி. நான் கொஞ்சமும் அசரவில்லை. மைக்கை எடுத்து "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒரு குரல் கொடுத்தேன். கரடி மேற்குத் தொடர்ச்சி மலையையே தாண்டிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டுத்தான், அன்றைக்குப் பொத்தையில் தங்கியிருந்த ஐயம்பெருமாளும் ஆட்களும் வந்தார்கள். வேனைத் தள்ளினார்கள். மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். சாப்பிட்ட இடத்தை ஒருவன் ஜல்லியாக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

நான் எட்டாம் வகுப்புதான். ஆனால் அந்த எட்டிலேயே இரண்டு வருஷம் இருந்ததால் ஒன்பது என்றும் சொல்லலாம். இருந்தாலும் சட்டம் உன் படிப்பு. என்ன செய்யலாம் என்று உடனே எழுது. மற்றதை மாமா முடித்துவிடுவேன்.

உன் அத்தைக்கு முழங்கால் வலி. மற்றபடி நானும் வேனும் ஆம்ப்ளிஃபயரும் சௌக்கியம்.

இப்படிக்கு,
உன் மாமா,
வே. குற்றாலலிங்கம்,
குற்றாலலிங்கம் சவுண்ட் சர்வீஸ்


மெட்ராஸ்
20-2-1995

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் சீனியரிடம் வாசித்துக் காட்டினேன். கரடி வந்த இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் எதிர்த்தரப்புக் கட்சிக்காரரின் கேஸ் கட்டு கீழே விழுந்துவிட்டது. அத்தைக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடுங்கள், ஆம்ப்ளிஃபயருக்குக் காட்டும் அக்கறையில் பாதி போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சட்டப் புத்தகங்களில் அந்த மக்களின் இடத்தை அவர்களுடையது என்று நேராகச் சொல்லும் வரி எதுவும் எனக்கு அகப்படவில்லை. தேடித் தேடி எரிச்சல்தான் மிச்சம். ஆனால் ஒரு வழி இருக்கிறது. புறம்போக்கைக் குத்தகைக்கு விடும் முன்பு அங்கே வழிபாட்டிடமோ பழைய சின்னமோ இருக்கிறதா என்று நேரில் வந்து விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். விசாரிக்க வருகிறவர் இருக்கிறது என்று எழுதிவிட்டால் அந்த இடத்தை ஒதுக்கச் சொல்லி வாதாடலாம். இல்லை என்று எழுதிவிட்டால் பிறகு ஹைகோர்ட்டுக்கு வந்தாலும் கஷ்டம். எல்லாம் அந்த ஒரு விசாரணையில் இருக்கிறது.

மனு காணிக்காரர்கள் பேரில் இருக்க வேண்டும். இத்துடன் ஒன்று தயார் செய்து அனுப்பியிருக்கிறேன். ஐயம்பெருமாளிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் கையெழுத்தோ ரேகையோ வாங்கித் தாலுகா ஆபீஸில் கொடுங்கள். வருகிற அதிகாரிக்குப் பார்த்ததுமே அது கும்பிடுகிற இடம் என்று தெரிய வேண்டும். அது முக்கியம்.

அன்புடன்,
சித்ரலேகா


சிவமயம்

ஆழ்வார்குறிச்சி
5-3-1995

அன்பு மருமகளே,

வேலை முடிந்தது! மனுவில் ஐயம்பெருமாள் கையெழுத்தே போட்டார், என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன். விசாரணை மார்ச் 27 என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீ எழுதியதில் கடைசி வரிதான் உயிர்வரி. பார்த்ததுமே தெரிய வேண்டும். அதை வாசித்ததும் எனக்கு மூளை வெளிச்சமாகிவிட்டது. அங்கே என்ன இருக்கிறது? கல். ஊரில் எங்கே இல்லை கல்? எந்த அதிகாரி கையெடுத்துக் கும்பிடுவான்?

பேட்டையில் நம்ம கிருபைராஜ் பட்டறையில் ஆள் உயரத்துக்கு ஒரு சூலம் அடிக்கச் சொன்னேன். அவன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், ஆனால் சூலம் அடித்தால் சுடலைமாடனே வந்து கேட்டு வாங்குவான், அப்படிக் கைவேலை. அதைப் பொத்தை உச்சிக்குக் கொண்டுபோய் சிமெண்டு பீடம் கட்டி நட்டாகிவிட்டது. பக்கத்துப் பாறைக்கெல்லாம் வெள்ளையும் காவியும் பட்டை அடித்தேன். சிவப்புத் துணி, மஞ்சள், எலுமிச்சம்பழ மாலை. "அருள்மிகு வரிக்கல் சாஸ்தா திருக்கோவில்" என்று போர்டு. நான்கு குழாய் ஸ்பீக்கர் கட்டி ஒரு நாள் முழுவதும் பக்திப்பாட்டுப் போட்டேன். அக்கரை மாடெல்லாம் நின்று கேட்டது.

ஐயம்பெருமாளும் அவர் வீட்டுக்காரி வேலம்மையும் இன்னும் சிலரும் வந்து பார்த்தார்கள். ஐயம்பெருமாள் சுற்றிவந்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார்.

"சட்டத்துக்கு வே!" என்றேன்.

"சட்டம் கும்பிடுமா?" என்றார்.

அவருக்கு நல்ல தமாஷ் வரும். நான் சிரித்தேன். அவர் ஏனோ சிரிக்கவில்லை. அந்த வேலம்மை பீடத்துக்கு முன்னாலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தது. பக்தியில் அப்படியே உறைந்துவிட்டது போல.

இனி அப்பாத்துரை பருப்பு வேகாது. உன் சீனியரிடமும் சொல்.

இப்படிக்கு,
வரிக்கல் சாஸ்தா கோவில் ஸ்தாபகர்,
உன் மாமா,
வே. குற்றாலலிங்கம்


மெட்ராஸ்
11-3-1995

மாமாவுக்கு,

கடிதத்தைச் சீனியரிடம் காட்டவில்லை. காட்ட முடியவில்லை.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று தெரிகிறதா? புறம்போக்கை வளைக்க நினைக்கிறவன் ஒவ்வொருவனும் முதலில் செய்கிற காரியம் ஒரு சூலத்தை நட்டுக் காவிப்பட்டை அடிப்பதுதான். தாலுகா ஆபீஸில் இருப்பவர்கள் இதைத் தினம் பார்க்கிறவர்கள். அப்பாத்துரை ஒருமுறை வாய் திறந்தால் போதும்: "நேற்று முளைத்த கோவில், ஆக்கிரமிப்பு." அந்தப் பழி உங்கள்மேல் விழாது, மனுவில் கையெழுத்துப் போட்ட ஐயம்பெருமாள்மேல் விழும். உண்மையாகவே பழைய இடம் உங்கள் வெள்ளைப்பட்டைக்கு அடியில் பொய்யாகிவிடும்.

அதைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. அவர்களிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவர்களுடைய இடம், மாமா. அவர்களுக்குச் சாஸ்தா வேண்டுமா, சூலம் வேண்டுமா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கான்ட்ராக்டர் அந்த இடத்தைக் கல் என்று பார்க்கிறார். நீங்கள் வெறுங்கல் என்று பார்த்தீர்கள். எவ்வளவு வித்தியாசம்?

"பார்த்ததுமே தெரிய வேண்டும்" என்று எழுதியது நான். அந்த வரியை நினைத்தால் எனக்கே என்னை அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. தயவுசெய்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஐயம்பெருமாளிடம் போய் நேரில் பேசுங்கள். விசாரணையன்று நீங்கள் பேச வேண்டாம், அவர்கள் பேசட்டும். எனக்கு 27-ஆம் தேதி இங்கே வேறு கேஸ், வர முடியாது.

சித்ரலேகா

பி.கு. இனிமேல் எனக்கு எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள்.


கார்டு
19-3-1995

அன்பு மருமகளுக்கு,

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். போர்டை எடுத்துவிட்டேன். துணி, மாலை எடுத்துவிட்டேன். பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன், தோள் கழன்றுவிட்டது. சூலம் மட்டும் வரவில்லை. சிமெண்டு இறுகிவிட்டது. நான் கட்டிய பீடம் அப்படி. ஐயம்பெருமாளைப் பார்க்கப் போனேன், அவர் தேன் எடுக்க மேலே போயிருக்கிறாராம். இல்லாததும் ஒருவகைக்கு நல்லதென்று திரும்பிவிட்டேன்.

மாமா


சிவமயம்

ஆழ்வார்குறிச்சி
2-4-1995

அன்பு மருமகள் சித்ரலேகாவுக்கு,

நேற்று நீ எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னபடி எழுதுகிறேன். குத்தகை ஏலத்தை நிறுத்திவைத்திருப்பதையும், அப்பாத்துரை அதை எதிர்த்து மேலே மனுப் போட்டிருப்பதையும் சொன்னாய். அன்றைக்கு நடந்ததை நான் எழுதி அனுப்பினால் அதை வைத்து என் பேரில் நீ வாக்குமூலம் தயார் செய்யப் போவதாகவும், ஒரு வரி கூடுதலாக இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் கவிழ்த்துவிடுவார் என்றும் சொன்னாய். புரிந்தது. ஆகையால் கேள்.

27-ஆம் தேதி காலையில் விசாரணைக்கு ஒரு தாசில்தார் ஐயா ஜீப்பில் வந்தார். கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். கூட சர்வேயர். அப்பாத்துரை புது வேட்டியில் வந்து, குடை பிடிக்க ஆள் வைத்திருந்தான். காணிக்காரர்கள் விடியுமுன்பே நடந்துவந்து பொத்தையடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நீ சொன்னபடி பேசக்கூடாது என்பதால் வேனை அப்பாத்துரையின் லாரிப் பாதையிலேயே மேலே ஏற்றி, உச்சிக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி உள்ளேயே இருந்தேன். கதவு திறந்திருந்தது, எல்லாம் காதில் விழுந்தது.

தாசில்தார் உச்சிக்கு ஏறியதும் கண்ணில் பட்டது சூலம்தான். அப்பாத்துரை அதற்காகவே காத்திருந்தவன்.

"பாத்தியளா ஐயா? நோட்டீஸ் ஒட்டுன பொறவு முளைச்ச சாமி. சிமெண்டு இன்னும் வெளுக்கக்கூட இல்ல. இப்படித்தான் ஐயா எடத்தை வளைக்கிறது."

தாசில்தார் ஐயம்பெருமாளைப் பார்த்தார். "இது நீங்க கட்டுனதா?"

"எங்களுக்குள்ளது இல்ல ஐயா."

"அப்போ யார் கட்டுனது?"

ஐயம்பெருமாளுக்கு என்னைத் தெரியும். என் வேன் நிற்பதும் தெரியும். கையை நீட்டிக் காட்டினால் முடிந்தது. அவர் காட்டவில்லை. "வந்தவங்க யாரோ செஞ்சது" என்று மட்டும் சொன்னார். அவர் ஆட்களும் தரையைப் பார்த்தார்கள். நான் அவர் கையால் கிழங்கு சாப்பிட்டவன், அதனால் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். "சமீபத்திய ஆக்கிரமிப்பு" என்று சர்வேயரிடம் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார். அந்த நேரத்தில், மருமகளே, உண்மை என் நெஞ்சைப் பிடித்து உந்தித் தள்ளியது. ஓர் அப்பாவி மேல் பழி விழுவதை இந்தக் குற்றாலலிங்கம் பார்த்திருப்பானா? வேனிலிருந்து குதித்தேன். ஓடினேன்.

"ஐயா! அந்தச் சூலம் என்னுது! பேட்டையில அடிச்சது. நான்தான் நட்டேன். இவங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!"

"ஏ மைக்செட்டு அண்ணாச்சி, வெயிலு தலைக்கேறிட்டா?" என்றான் அப்பாத்துரை. "ஐயா, இது இவங்க சொல்லிக்குடுத்து ஆடுத நாடகம்."

"நாடகமா? பிடுங்கிப் பாரும் வே! அடியில என் பேரு இருக்கு!"

உன்னிடம் இதை நான் எழுதவில்லை. நம்மூர் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. கோவிலுக்கு ஒரு ட்யூப்லைட் கொடுத்தாலும் வெளிச்சம் வராத அளவுக்கு உபயம் எழுதுவோம். நானும் தண்டில் வெட்டி எழுதச் சொல்லியிருந்தேன். கிருபைராஜ் ரொம்பக் கீழே எழுதிவிட்டான், நடும்போது பேர் சிமெண்டுக்குள் போய்விட்டது. அன்றைக்கு எனக்கு அழாத குறை.

தாசில்தார் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். அப்பாத்துரையின் ஆட்களே உடைத்தார்கள். சூலம் சாய்ந்தது. "உபயம்: குற்றாலலிங்கம் சவுண்ட் சர்வீஸ், ஆழ்வார்குறிச்சி. திருமண விழாக்களுக்கும் அணுகவும்." தாசில்தார் அதைச் சத்தமாக வாசித்தார். சர்வேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம், நான்தான் எழுதுகிறேன், எதிர்பார்க்கவில்லை. பீடத்தின் கடைசிச் சிமெண்டுத் துண்டைப் புரட்டியபோது அடியில் ஒரு கல் நின்றது. முழங்கால் உயரம், மண்ணில் நன்றாக வேர்விட்ட மாதிரி. அன்றைக்கு நான் பீடம் கட்டும்போது அது தலை நீட்டிக்கொண்டிருந்தது, அஸ்திவாரத்துக்கு வசதி என்று அதன் மேலேயே பூசிவிட்டேன்.

வேலம்மை வந்தது. முந்தானையால் கல்லின்மேல் இருந்த சிமெண்டுப் பொடியைத் துடைத்தது. பிறகு என்னைப் பார்த்து, "உம்ம சாமிக்கு உக்கார எங்க ஆளு தலைதான் கெடச்சுதா?" என்றது.

நான் வாயே திறக்கவில்லை. உன் அத்தையிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

"இது யார் கல்லு?" என்று தாசில்தார் கேட்டார். வேலம்மை பேர் சொல்லவில்லை. "சும்மா சொல்லக்கூடாது. பாட்டுலதான் வரும்" என்றது.

"அப்போ பாடுங்க" என்றார் தாசில்தார். அந்த மனுஷனுக்கு நல்லது நடக்கட்டும்.

கொக்கரை என்று இரும்பில் ஒரு குழல், பல் பல்லாக இருக்கும், அதைச் சிறு கம்பியால் உரசுவார்கள். ஐயம்பெருமாள் அதை எடுத்து உரசிக்கொண்டு பாட ஆரம்பித்தார். என் ஸ்பீக்கர் இல்லை, மைக் இல்லை. நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பாட்டில் ஒரு பேர் வரும், வேலம்மை போய் ஒரு கல்லின்மேல் இலை வைக்கும். அடுத்த பேர், அடுத்த கல். நாங்கள் பார்த்த கல் எல்லாம் முடிந்தும் பாட்டு முடியவில்லை. வேலம்மை அப்பாத்துரை வெட்டிய பாதையைத் தாண்டி முள்ளுக்குள் நடந்தது. அங்கே வெறும் உடைமரப் புதர். ஓர் இடத்தில் நின்று, "இங்கன வெட்டுங்க" என்றது. வெட்டினால் கல் நிற்கிறது. இன்னும் தள்ளி இன்னொரு புதர். அங்கேயும் நிற்கிறது. பாட்டு கல்லுக்கு முன்னால் போகிறது, கல் பின்னால் வெளியே வருகிறது. சர்வேயர் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

முடிந்ததும் தாசில்தார் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எழுதினார். முதலில் எழுதியதை அடித்தார். "பழங்குடியினரின் தொன்மையான நினைவிடம் எனத் தெரிகிறது. தொல்லியல் துறை பார்வையிடும்வரை குத்தகை நிறுத்திவைக்கப்பட வேண்டும்" என்று வாசித்துக் காட்டினார். ஐயம்பெருமாள் அதைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அப்பாத்துரையின் குடைக்காரன் அப்போது வெயிலில் நின்ற காணிக்காரப் பெண்களுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது ஐயம்பெருமாளிடம் போனேன். "தப்பு நடந்துபோச்சு" என்றேன். அவர் சூலத்தைத் தோளில் தூக்கிவந்து என் வேனில் வைத்தார். "நல்ல இரும்பு. மழையில போட்டுறாதயும்" என்றார். பங்குனி கடைசியில் முழுப் பாட்டும் பாட வருகிறார்களாம். "உங்க மருமகளைக் கூட்டிட்டு வாரும். குழாய் மட்டும் வேண்டாம்" என்றார். நீ கட்டாயம் லீவு போட்டு வா. ரயில் டிக்கெட் நானே எடுக்கிறேன்.

இவ்வளவும் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கவரை ஒட்டிவிட்டேன். பிறகு பிரித்தேன். நீ இதை வைத்து வாக்குமூலம் எழுதுவாய், அதில் நான் சத்தியம் செய்ய வேண்டும். அந்தக் கல்லுகளும் பாட்டும் என்னால் கவிழக்கூடாது. ஆகவே ஒன்றை மட்டும் திருத்திக்கொள்.

உண்மை என் நெஞ்சைப் பிடித்துத் தள்ளியது என்று எழுதினேனே, அப்படி எதுவும் தள்ளவில்லை. தாசில்தார் எழுதத் தொடங்கியபோது நான் வேனுக்குள் சீட்டுக்குக் கீழே குனிந்துதான் இருந்தேன். ஐயம்பெருமாள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றதைப் பார்த்தும் குனிந்துதான் இருந்தேன். அப்போது அப்பாத்துரை சூலத்தைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ எண்ணெய் டின்னை வெட்டி அடிச்ச தகரம் ஐயா இது, காட்டாளுகளுக்கு இவ்வளவுதான் வரும்" என்றான். தகரமாம்! கிருபைராஜ் அடித்ததை! அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

இப்படிக்கு,
உன் மாமா,
குற்றாலலிங்கம்